வீட்டில் ஜெரேனியம் வளர்ப்போம்



கேமரன் மலைக்குச் சுற்றுலா செல்வோர் தேயிலையும் காய்கறியும் வாங்குவதோடு பூச்செடி ஒன்றையும் கையோடு கொண்டுவருவது வழக்கம். அங்ஙனம் கொண்டுவரப்படும் செடிகளுள் ஜெரேனியமும் ஒன்று. வட்டமான மெத்தென்ற இலைகளும், நீண்ட காம்பின் நுனியில் பந்துபோல் திரண்டு மலரும் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளைப் பூக்களும் அதற்கு அழகு தருவன. மலையில் செழித்து நின்ற அச்செடி, ஈப்போவுக்கோ கிள்ளானுக்கோ வந்து சேர்ந்த சில வாரங்களில் இலை மஞ்சளித்துத் தண்டு கறுத்துச் சாய்ந்துவிடுவதுண்டு. "நாள்தோறும் இருவேளை நீர் ஊற்றினோமே, ஏன் பட்டுப்போயிற்று?" என்று வீட்டார் வருந்துவர். அவர்கள் ஊற்றிய நீரே பெரும்பாலும் அதன் அழிவுக்குக் காரணமாகும். அஃது எவ்வாறு என்பதையும், இச்செடியை நம் வீட்டில் நெடுநாள் வாழவைக்கும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

தாயகமும் பெயரும்

ஒரு செடியைப் பேண விரும்புவோர் முதலில் அதன் தாயகத்தை அறிதல் வேண்டும். ஜெரேனியம் என நாம் வழங்கும் பூச்சாடிச் செடிகளின் தாயகம் ஆப்பிரிக்காவின் தென்பகுதியாகும். அங்கு நன்னம்பிக்கை முனையை அடுத்த நிலப்பகுதியில் குளிர்காலத்தில் மழை பெய்யும்; கோடைக்காலம் வறண்டிருக்கும். மணலும் கல்லும் கலந்த மண்ணில் மழைநீர் தங்காமல் வடிந்துவிடும். இத்தகைய நிலத்தில் வாழ்வதற்கேற்ப இச்செடி தன் தடித்த தண்டில் நீரைச் சேமித்துக்கொள்கிறது. இலைகளின் மேலுள்ள நுண்ணிய மயிர்கள் நீர் விரைந்து ஆவியாவதைக் குறைக்கின்றன. எனவே சிலநாள் நீர் இன்றியும் அது தாங்கி நிற்கும். ஆனால் வேர் எந்நேரமும் நீரில் ஊறிக் கிடப்பதை அதனால் தாங்க இயலாது.

17ஆம் நூற்றாண்டில் முனையைச் சுற்றிச் சென்ற கப்பல்களின் வழியே இவ்வினச் செடிகள் ஐரோப்பாவை அடைந்தன. 1631ஆம் ஆண்டில் ஜான் டிரெடஸ்கன்ட் என்னும் ஆங்கிலேயத் தோட்டக் கலைஞர் இவ்வினச் செடி ஒன்றைப் பாரிஸ் நகரிலிருந்து வாங்கி இங்கிலாந்தில் வளர்த்தார். 1753இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், ஐரோப்பாவில் இயல்பாக வளரும் ஒரு செடியினத்தோடு இவற்றையும் சேர்த்து 'ஜெரேனியம்' எனப் பெயரிட்டார். பின்னர், 1789இல் பிரெஞ்சு அறிஞர் லெரித்தியே இவற்றைத் தனி இனமாகப் பிரித்து 'பெலர்கோனியம்' எனப் பெயர் சூட்டினார். ஆயினும் மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. கிரேக்க மொழியில் 'கெரனோஸ்' என்பது கொக்கு. 'பெலர்கோஸ்' என்பது நாரை. பூ உதிர்ந்தபின் தோன்றும் காய், பறவையின் அலகுபோல் நீண்டு கூராக இருப்பதே இப்பெயர்களுக்குக் காரணம்.

மூன்று வகைகள்

வீடுகளில் வளர்க்கப்படும் ஜெரேனியங்களுள் மூன்று வகைகள் பெரிதும் அறியப்பட்டவை. முதலாவது, இலையின் நடுவே குதிரை லாடம் போன்ற கருமை படர்ந்த வளையம் கொண்ட வகை. பூச்சாடிகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இரண்டாவது, பளபளப்பான இலைகளோடு கொடிபோல் தொங்கும் வகை. மூன்றாவது, இலையைக் கசக்கினால் நறுமணம் வீசும் வகை. இதன் இலையிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய் சவர்க்காரத்திலும் நறுமணப் பொருள்களிலும் சேர்க்கப்படுகிறது. தமிழ்நாட்டின் நீலகிரியிலும் கோடைக்கானலிலும் இவ்வெண்ணெய்க்காகவே இச்செடியைப் பயிரிட்டு வந்துள்ளனர். நம் நாட்டில் மலாய் மக்கள் மணமுள்ள இவ்வகையை 'ஜெரெமின்' என்று அழைத்து வீட்டு முற்றத்தில் வளர்ப்பர்.

மலையும் சமவெளியும்

தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் 100 மீட்டர் கூடுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை செல்சியஸ் குறையும். ஆகவே அங்குள்ள வெப்பம் சமவெளியைக் காட்டிலும் 8 அல்லது 9 பாகை குறைவாக இருக்கிறது. கோலாலம்பூரில் பகல் வெப்பம் 32 பாகையைத் தொடும்போதும், தானா ராத்தாவில் 23 பாகை அளவே இருக்கும்.

இரவு வெப்பத்தையும் நாம் கருதவேண்டும். செடி பகலில் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. இரவும் பகலும் சுவாசிப்பதற்கு அவ்வுணவில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. வெப்பம் மிகுந்தால் அச்செலவும் மிகும். குளிர்ந்த இரவில் சேமிப்பு எஞ்சும். அதைக்கொண்டு செடி பூக்கும். புழுக்கமான இரவில் சேமிப்புக் கரைந்துவிடும். சமவெளிக்கு வந்த ஜெரேனியத்தில் பூக்கள் குறைவதற்கு இஃது ஒரு காரணமாகும். ஆகவே சமவெளியில் வாழ்வோர் மலையில் கண்ட அத்தனை பூக்களையும் எதிர்பார்த்தல் ஆகாது. முதன்முறை வளர்ப்போர் மணமுள்ள வகையைத் தேர்ந்தெடுத்தல் நன்று. வெப்பத்தை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

சாடி, மண், இடம்

சுட்ட மண்ணால் செய்த சாடியே இச்செடிக்கு மிகவும் ஏற்றது. அதன் பக்கங்களின் வழியாகவும் ஈரம் ஆவியாகும். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள சாடி ஒரு செடிக்குப் போதும். செடி சிறிதாக இருக்கையில் பெரிய சாடியில் நட்டால், வேர் எட்டாத மண் நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். சாடியின் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது. துளையின்மேல் ஓட்டுத்துண்டு ஒன்றை வைத்தால் மண் வெளியேறாது. தோட்டமண், பருமணல், மக்கிய இலையுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்புக.

காலை வெயில் நான்கு ஐந்து மணி நேரம் படும் இடமும், நண்பகலுக்குப்பின் நிழல் விழும் இடமும் சமவெளிக்கு ஏற்றவை. நம் நாட்டுப் பெருமழை நேரே விழாதவாறு கூரையின் இறவாரத்தின்கீழ் வைக்கவேண்டும். காற்றோட்டமும் தேவை. அடுக்குமாடி வீடுகளில் வாழும் பிள்ளைகள், சாடியைக் கைப்பிடிச் சுவரின்மேல் ஒருபோதும் வைத்தல் கூடாது. கீழே செல்வோர் தலையில் விழுந்தால் உயிருக்கே கேடு விளையும்.

நீர் ஊற்றும் முறை

நம்மைப்போலவே வேருக்கும் மூச்சுக்காற்று வேண்டும். மண் துகள்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் அக்காற்று தங்கியிருக்கிறது. நாள்தோறும் நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அவ்விடைவெளிகள் நீரால் நிறைந்துவிடும். மூச்சு முட்டிய வேர் அழுகத் தொடங்கும். நீரில் நீந்திப் பரவும் பித்தியம் என்னும் நுண்ணுயிர் அப்போது தண்டின் அடியைத் தாக்கும். அடித்தண்டு கறுத்து மேல்நோக்கி அழுகும்.

இங்கு ஓர் ஏமாற்றம் நிகழ்வதைக் கவனியுங்கள். வேர் அழுகிய செடியால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே மண் ஈரமாக இருந்தும் இலைகள் வாடித் தொங்கும். அதைக் காண்போர், செடிக்குத் தாகம் எனக் கருதி மேலும் நீர் ஊற்றுவர். செடி விரைவில் மடியும்.

இதனைத் தவிர்க்க எளிய வழி உண்டு. நீர் ஊற்றுமுன் சுட்டுவிரலை மண்ணுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் செலுத்திப் பாருங்கள். விரலில் ஈரம் பட்டால் அன்று நீர் வேண்டா. மண் உலர்ந்திருந்தால், அடித்துளை வழியே நீர் வழியும்வரை காலையில் ஊற்றுங்கள். இலைகளின்மேல் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள். தட்டில் வடிந்த நீரை உடனே கொட்டிவிடுங்கள்.

கத்தரித்தலும் புதுச்செடியும்

வாடிய பூங்கொத்தைக் காம்போடு கிள்ளி எடுத்தால் செடி புதிய மொட்டு விடும். மஞ்சளித்த இலைகளையும் அகற்றுக. மாதம் இருமுறை உரத்தை நீரில் கரைத்துச் சிறிதளவு இட்டால் போதும். தழைச்சத்து மிகுந்தால் இலை பெருகும், பூ அருகும். இச்செடியைத் தின்றால் பூனைக்கும் நாய்க்கும் நோய் உண்டாகும். அவற்றுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரு செடியிலிருந்து பல செடிகளை எளிதில் உண்டாக்கலாம். பூவில்லாத, நோயற்ற கிளையில் 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுக. கூரிய கத்தியைப் பெரியோர் கையாளட்டும். அடி இலைகளை நீக்கிவிட்டு, வெட்டுவாய் உலரும்வரை சில மணி நேரம் நிழலில் வைக்கவேண்டும். பின்னர் மணல் கலந்த மண்ணில் நட்டு, ஒருமுறை நீர் தெளித்து நிழலில் விடுக. ஞெகிழிப் பையால் மூடிவைத்தல் வேண்டா. உள்ளே ஈரம் தங்கித் தண்டு அழுகும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். தாய்ச்செடி முதிர்ந்து மெலிந்தாலும் அதன் இளஞ்செடி நம்மிடம் இருக்கும்.

தட்டில் தேங்கும் நீர்

இனி, நம் உயிர் தொடர்பான செய்தி ஒன்றைக் காண்போம். நறுமண ஜெரேனியத்தை வீட்டில் வைத்தால் கொசு அண்டாது என்று பலர் நம்புகின்றனர். அதன் எண்ணெய்க்குக் கொசுவை விலக்கும் தன்மை ஓரளவு உண்டு. ஆனால் அவ்வெண்ணெய் இலைக்குள் அடங்கியிருக்கிறது. கொசுவிரட்டி எனக் கூறி விற்கப்படும் ஒரு ஜெரேனிய வகையைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் ஏடிஸ் கொசுக்களிடையே வைத்துச் சோதித்து, 1996இல் முடிவை வெளியிட்டனர். செடி அருகில் இருந்தும் கொசுக்கள் மனிதரைக் கடித்தன.

அச்செடியின் தட்டிலேயே கொசு பிறக்கக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஏடிஸ் கொசு, தேங்கிய நீரின் விளிம்பை ஒட்டி முட்டையிடும். அம்முட்டைகள் நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். முட்டை பொரித்துக் கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். அக்கொசு நெடுந்தொலைவு செல்வதில்லை. அது பிறந்த வீட்டையும் அண்டை வீட்டையுமே சுற்றும், பகற்பொழுதில் கடிக்கும்.

அக்கொசு பரப்பும் டிங்கிக் காய்ச்சல் 1902ஆம் ஆண்டிலேயே பினாங்கில் பதிவாகியுள்ளது. 2019இல் மலேசியாவில் 130,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். 182 பேர் உயிரிழந்தனர். அண்டை நாடான சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டில் 35,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். கொசு பெருக இடமளிக்கும் வீட்டாருக்குத் தண்டனை விதிக்க நம் நாட்டில் 1975ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்திற்கு அஞ்சி மட்டுமன்றி, நம் தம்பி தங்கையரை எண்ணியும் நாம் இதில் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

ஆகவே சாடியின்கீழ்த் தட்டே இல்லாமல் வைப்பது மிகவும் நன்று. தட்டு வேண்டுமாயின், வடியும் நீரை அவ்வப்போதே கொட்டுங்கள். வாரம் ஒருமுறையேனும் தட்டின் விளிம்பைத் தூரிகையால் அழுத்தித் தேயுங்கள். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஒட்டியிருக்கும் முட்டைகளைத் தேய்த்தே அகற்றவேண்டும். சாடியின் மேல்மண் இறுகினால் அதன்மேலும் நீர் குளம்போல் நிற்கும். சிறு குச்சியால் மண்ணைக் கிளறி விடுங்கள். வாளி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றையும் அன்றே பார்த்து, நீர் இருந்தால் கவிழ்த்து வையுங்கள்.

தேங்கிய நீர் ஜெரேனியத்திற்கும் பகை, நமக்கும் பகை. செடியைக் காக்கும் செயலே வீட்டாரையும் காக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிடம் இதற்கென ஒதுக்குங்கள். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தல், வாடிய பூவைக் கிள்ளுதல், தட்டைத் தேய்த்தல் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, முடித்ததும் அடையாளமிட்டு வாருங்கள். ஓராண்டு சென்றபின் உங்கள் சாடியில் பசுமையாக நிற்கும் செடி, உங்கள் பொறுப்புணர்ச்சிக்குச் சான்று கூறும். அதன் கிளையில் ஒரு துண்டை வெட்டி உங்கள் நண்பருக்கும் கொடுங்கள். தட்டைத் தேய்க்கும் வழக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள்.