டர்ட் ஜம்ப் மிதிவண்டி டயர்

டர்ட் ஜம்ப் மிதிவண்டி என்பது மண்மேடுகளில் ஏறித் தாவுவதற்கென வடிவமைக்கப்பட்ட மிதிவண்டி ஆகும். இதன் டயர் மலை மிதிவண்டியின் டயரில் இருந்து வேறுபட்டது. தாவுமேடுகளின் மண் அடித்து இறுக்கப்பட்டிருப்பதால் உயரமான குமிழ்கள் தேவையில்லை. அவை வளைந்து வேகத்தைக் குறைக்கும். எனவே தாழ்ந்த, நெருக்கமான குமிழ்கள் கொண்ட டயரே விரும்பப்படுகிறது. மாக்சிசு நிறுவனத்தின் டிடிஎச் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மண் தளர்ந்திருக்கும் இடங்களில் முன்சக்கரத்துக்கு மட்டும் சற்று ஆழமான குமிழ்கள் உதவும்.

இவ்வண்டிகளில் பெரும்பாலானவை 26 அங்குலச் சக்கரம் கொண்டவை. டயரின் அகலம் பொதுவாக 2.1 முதல் 2.4 அங்குலம் வரை இருக்கும். ஆனால் "26 அங்குலம்" என்ற பெயரை மட்டும் நம்பி வாங்குதல் கூடாது. இச்சக்கரத்துக்கு வேண்டியது 559 மி.மீ. உள்விட்டம் கொண்ட டயர். சாதாரண மிதிவண்டிகளுக்கென அதே பெயரில் விற்கப்படும் சில டயர்களின் உள்விட்டம் 590 மி.மீ. ஆகும். அவை ரிம்மில் பொருந்தா. டயரின் பக்கவாட்டில் 54-559 என்பது போல் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணில் முதலாவது அகலத்தையும் இரண்டாவது உள்விட்டத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கும்.

தாவல் எட்டாமல் சக்கரம் இறங்குமேட்டின் விளிம்பில் மோதினால், காற்றழுத்தம் குறைந்த டயர் நசுங்கி, டியூப் ரிம்மில் நெரிபட்டு, பாம்பு கடித்தாற்போல் இரு துளைகள் விழும். ரிம்மும் நெளியக்கூடும். இதனால் மலைப்பாதையில் ஓட்டுவதை விடக் கூடுதலாகவே காற்று நிரப்பப்படுகிறது. எனினும் டயரிலும் ரிம்மிலும் குறிக்கப்பட்ட உச்ச அழுத்தங்களில் குறைந்ததைத் தாண்டலாகாது.