கணினியின் ஷெல்லும் அதன் தூண்டுகுறியும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை எனவும், மேற்குக் கரை படுவான்கரை எனவும் வழங்கும். இவ்விரு கரைகளையும் நெடுங்காலமாக இணைத்து வந்தவை தோணிகளும், இப்பகுதி மக்கள் 'பாதை' என்று கூறும் மிதவைகளும் ஆம். மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரையில் பாதையே மக்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்த்தது. கணினியிலும் இத்தகைய இரு கரைகள் உள. ஒரு கரையில் மனிதன் இருக்கின்றான். மறு கரையில் பணிசெயல் முறைமையின் உட்கரு இருக்கின்றது. மனிதன் விசைப்பலகையில் எழுதும் கட்டளையை ஏற்று, பொருள் உணர்ந்து, உட்கருவிடம் சேர்ப்பித்து, அதன் விடையை மீட்டுக் கொணரும் இடைநிலை மென்பொருளே ஷெல் எனப்படுவது. உட்கருவைச் சூழ்ந்திருக்கும் ஓடு போன்றது ஆதலின் இப்பெயர் பெற்றது.

இதன் வரலாறு சுருக்கமாக அறியத்தக்கது. ஷெல் என்னும் பெயரை 1960களின் நடுப்பகுதியில் வழங்கியவர் லூயி பூசான் என்னும் பிரெஞ்சு அறிஞர். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969ஆம் ஆண்டு தோன்றிய யுனிக்ஸ் முறைமைக்குக் கென் தொம்சன் முதல் ஷெல்லை எழுதினார். 1979இல் ஸ்டீபன் போர்னின் ஷெல் வெளிவந்தது. அதனை அடியொற்றிப் பிரையன் பொக்ஸ் 1989இல் வெளியிட்ட பாஷ் என்பதே லினக்ஸ் கணினிகளிற் பெரிதும் பயில்வது. 2005இல் எழுந்த மற்றொரு ஷெல்லின் பெயர் 'பிஷ்', அதாவது மீன். பாடுமீனாற் புகழ்பெற்ற நாட்டார்க்கு அப்பெயர் அந்நியமாகத் தோன்றாது.

ஷெல் கட்டளையை ஏற்கத் தயாராக உள்ளது என்பதைத் திரையில் அறிவிக்கும் அடையாளமே தூண்டுகுறி. பாஷில் இதன் வடிவம் 'பி.எஸ்.1' என்னும் மாறியிற் பொதிந்துள்ளது. அம்மாறியிற் பின்சாய்கோட்டுடன் 'யு' என்னும் ஆங்கில எழுத்தை இட்டால் பயனரின் பெயர் தோன்றும். 'எச்' இட்டால் கணினியின் பெயரும், 'டபிள்யூ' இட்டால் அப்போது நிற்கும் கோப்புறையின் இடமும் தோன்றும். பின்சாய்கோட்டை அடுத்து டொலர் குறியை இட்டால், சாதாரண பயனர்க்கு டொலர் குறியும், முழு அதிகாரம் பெற்ற நிருவாகிக்கு நான்கு கோடுகள் குறுக்கிட்ட எண்குறியும் தோன்றும். இவை வெறும் அலங்காரமல்ல. தான் யார், எக்கணினியில் உள்ளான், எக்கோப்புறையில் நிற்கின்றான் என்பவற்றை அறியாது அழித்தற் கட்டளை இடுபவன், பிறருடைய உழைப்பையும் ஒரு நொடியில் இழக்கச் செய்வான். நிருவாகியின் தூண்டுகுறியைச் சிவப்பு நிறத்தில் அமைக்கும் வழக்கம் இது பற்றியே எழுந்தது.

இவ்வமைப்புக்கள் நிலைபெறவேண்டின், பயனரின் இல்லக் கோப்புறையில் உள்ள 'பாஷ்ஆர்சி' என்னும் கோப்பில் எழுதப்படல் வேண்டும். அதன் பெயர் புள்ளியொன்றுடன் தொடங்குவதால் சாதாரணப் பட்டியலில் அது தோன்றாது. நீண்ட கட்டளைகளுக்குக் குறும்பெயர் சூட்டுதலும் அக்கோப்பிலேயே இயலும். கட்டளைகளை எக்கோப்புறைகளில் எவ்வரிசையில் தேடுவது என்பதைக் கூறும் மாறிக்கு ஆங்கிலத்திற் 'பாத்', அதாவது பாதை, என்றே பெயர். நிற்கும் கோப்புறையை அவ்வரிசையின் முதலில் வைப்பது தகாது; பழகிய கட்டளையின் பெயரைத் தாங்கிய தீய செயலி அங்கு கிடப்பின் அதுவே முதலில் இயங்கும். பிறர் எழுதிய வரிகளைப் பொருள் உணராது படியெடுத்து ஒட்டுவதும் இத்தகைய தீங்கையே விளைக்கும். திருத்துமுன் கோப்பின் பிரதியொன்றை எடுத்து வைத்தலும், ஒரு முனையத்தைத் திறந்தபடி விட்டு மற்றொன்றிற் சோதித்தலும் நல்ல வழக்கங்கள்.

இனித் தமிழிற் தூண்டுகுறி அமைத்தல் இயலுமோ எனின், இயலும். யூனிகோட் தொகுதியில் 1991 முதல் தமிழுக்கு 2944 தொடங்கி 3071 வரையான 128 இடங்கள் உள. தொம்சனும் ரொப் பைக்கும் 1992இல் வகுத்த யூ.டி.எப்.-8 முறையில் 2047ஐக் கடந்த இவ்விடங்கள் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். 'மீன்' என்னும் சொல்லில் எழுத்துக்கள் இரண்டு, குறியீடுகள் நான்கு, பைட்டுகள் பன்னிரண்டு. 'வாவி' என்பதற்கும் அதே கணக்கு. ஆயினும் திரையில் இரண்டும் ஒரே அகலம் பெறுவதில்லை. தொலையச்சின் வழிவந்த முனையம் திரையைச் சமமான கட்டங்களாகப் பகுக்கின்றது. ஈகாரக் குறிக்கும் புள்ளிக்கும் தனிக்கட்டம் இல்லை; ஆகாரக் குறிக்கும் இகரக் குறிக்கும் பல முனையங்கள் தனிக்கட்டம் அளிக்கின்றன. எனவே 'மீன்' இரண்டு கட்டங்களையும் 'வாவி' நான்கு கட்டங்களையும் பெறுகின்றன. ஒகரக் குறியோ மெய்யின் இருபுறமும் நிற்பது. கட்டங்களை இடமிருந்து வலமாக நிரப்பும் முனையம் அங்கே தடுமாறுகின்றது.

இதனால் விளைவது அழகுக்குறை மட்டுமன்று. ஷெல் எண்ணும் அகலமும் முனையம் வரையும் அகலமும் வேறுபடின், சுட்டி தவறான இடத்தில் நிற்கும். பயனர் காணும் கட்டளை ஒன்றாகவும் கணினி நிறைவேற்றும் கட்டளை வேறாகவும் ஆகலாம். நிறக்குறியீடுகளும் இவ்வாறே கணக்கைக் குழப்புவனவாதலின், அவற்றைப் பின்சாய்கோடு சேர்ந்த சதுர அடைப்புக்களுள் வைத்து, 'இவை இடம் கொள்ளா' என்று ஷெல்லுக்கு உணர்த்தல் வேண்டும். தமிழுக்கு எளிய பரிகாரம் ஒன்றுண்டு: தூண்டுகுறியை இரு வரிகளாக்கி, தமிழ்ச் சொற்களை முதல் வரியிலும், டொலர் குறியை மட்டும் இரண்டாம் வரியிலும் அமைத்தலே அது. கட்டளை எழுதும் வரியில் அப்போது அளவு பிழையாது. 'பட்டியல்' என்று தமிழிலேயே குறும்பெயர் சூட்டினும் பாஷ் அதனை ஏற்கும்; ஆனால் மாறியின் பெயர் தமிழில் அமைவதை ஏற்பதில்லை. வாயிலில் இடம் பெற்ற தமிழ் இன்னும் உள்ளே முழுவுரிமை பெறவில்லை என்பது இதனாற் புலப்படும்.

காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானப் பட்டமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே பெற்ற விபுலாநந்த அடிகள், 1930களிற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானம் தமிழில் வாழச் சொற்கள் வேண்டும் என்பது அக்காலத்துத் தேவை. இன்று சொற்களோடு, அவற்றை ஏற்கும் கருவிகளும் திருந்த வேண்டியுள்ளன. பாஷ் முதலியவற்றின் மூலநிரல் யாவரும் படித்துத் திருத்துதற்கு உரியது. ஆதலின் தன் தூண்டுகுறியைத் தானே அமைக்கக் கற்கும் மாணவன், அதன் குறையையும் கண்டறிவான்; கண்டறிந்தவன் ஒருநாள் அதனை நீக்கவும் வல்லவனாவான். கருவியை வந்தபடியே ஏற்பவர்க்கு அக்குறை கண்ணிற் படுவதேயில்லை.