அரசுப் பள்ளிகளில் கலைக்கல்வி

அரசுப் பள்ளிகளில் கலைக்கல்வி என்பது ஓவியம், இசை, நடனம், நாடகம் முதலிய கலைகளை அரசு நடத்தும் பள்ளிகளில் பாடவேளைக்குள் கற்பிப்பதைக் குறிக்கும். கலைஞர்களை உருவாக்குவது மட்டும் இதன் நோக்கம் அன்று. ஓர் இலையை வரையும் மாணவர் அதன் நரம்புகள் எவ்வாறு பிரிகின்றன என்று உற்றுநோக்க நேர்கிறது. நாடகத்தில் நடிப்பவர் பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கப் பழகுகிறார். கட்டணம் செலுத்தித் தனி வகுப்புக்கு அனுப்ப இயலாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு முறையான கலைப்பயிற்சி கிடைக்கக்கூடிய இடம் பெரும்பாலும் பள்ளி ஒன்றே ஆகும். இக்கட்டுரை இந்தியாவை, குறிப்பாகத் தமிழ்நாட்டைப் பற்றியது.

சட்டமும் கொள்கையும்

2005 ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு இசை, நடனம், காண்கலைகள், நாடகம் ஆகிய நான்கையும் பள்ளியின் எல்லா நிலைகளிலும் கற்பிக்கப் பரிந்துரைத்தது. (பள்ளியில் கற்பிப்பவை அனைத்தின் திட்டத்தையும் தமிழில் கலைத்திட்டம் என்றே அழைக்கின்றனர். அதில் கலைக்குக் கிடைக்கும் இடமோ சிறிது.) 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8 வரையான வகுப்புகளில் மாணவர் எண்ணிக்கை 100 ஐத் தாண்டினால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்கிறது. அறிவியல் - கணிதம், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றின் ஆசிரியர்களுக்கு இத்தகைய வரம்பு இல்லை. எனவே அவ்வகுப்புகளில் 60 பேர் மட்டும் படிக்கும் ஒரு சிற்றூர்ப் பள்ளி, சட்டத்தை மீறாமலேயே ஓவிய ஆசிரியர் இன்றி இயங்கலாம்.

தமிழ்நாட்டில்

2012 இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி முதலிய பாடங்களுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர் பணியிடங்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நிரப்பப்பட்டன. வாரத்திற்கு மூன்று அரைநாட்களே பணி. ஊதியம் பின்னர் படிப்படியாக உயர்த்தப்பட்டது. பணிநிரந்தரம் கோரி இவர்கள் பலமுறை போராடியுள்ளனர். ஓவியத்திற்கோ இசைக்கோ பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இடமில்லை. ஆகையால் தேர்வு நெருங்கும்போது கணிதத்திற்கும் அறிவியலுக்கும் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது இப்பாடவேளைகளே.

2022 இல் பள்ளிக் கல்வித் துறை அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கலைத் திருவிழாவைத் தொடங்கியது. பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் போட்டிகள் நடைபெறுகின்றன. மேடையே கண்டிராத மாணவர்கள் பலருக்கு இது வாய்ப்பளித்தது. எனினும் போட்டி பாடவேளைக்கு ஈடாகாது. ஏற்கனவே பாடத் தெரிந்தவரையே போட்டி கண்டறிகிறது. முதற்சுற்றில் வெளியேறிய மாணவர் அடுத்த திருவிழாவுக்குள் கற்றுத் தேற வேண்டுமானால், அவருடைய பள்ளியில் அதற்கென ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும்.