காசில்லாமல் ஊமையான ரேடியோ!

ஒரு வானொலி நிலையம் நடக்க என்னென்ன வேண்டும்? உயரமான கோபுரம், மின்சாரம், அறிவிப்பாளர், பாடகர் என்று மளமளவென அடுக்குவீர்கள். எல்லாம் சரிதான். ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். அதுதான் பணம்! அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நம் சென்னையே ஒரு முறை பார்த்திருக்கிறது.

40 வாட் வானொலி

சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்று ஒரு பொறியாளர் இருந்தார். இங்கிலாந்திலிருந்து கருவிகளின் பாகங்களைக் கொண்டுவந்து, சென்னையில் வானொலி நடத்த முயன்றவர். அவரும் நண்பர்களும் சேர்ந்து 1924-ம் ஆண்டு மே 16-ல் 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்' என்ற சங்கத்தைத் தொடங்கினர். அதே ஆண்டு ஜூலை 31-ல் ஒலிபரப்பு ஆரம்பமானது. அப்போது அதன் சக்தி எவ்வளவு தெரியுமா? வெறும் 40 வாட்! வீட்டில் முன்பு எரிந்த ஒரு குண்டு பல்பின் சக்திதான்.

ஆசை பெரிது; கையில் பணமோ சிறிது. மூன்றே ஆண்டுகளில், 1927 அக்டோபரில், நிதி இல்லாமல் அந்த வானொலி மூடப்பட்டது. பாட்டும் பேச்சும் நின்றன. சென்னையின் காற்று மௌனமானது.

நல்ல வேளையாக, சங்கத்தார் தங்கள் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்தனர். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பத் தொடங்கியது. கடற்கரை, பூங்கா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். ரேடியோப் பெட்டி வாங்க வசதி இல்லாதவரும் காற்று வாங்கிக்கொண்டே இசை கேட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனி நிகழ்ச்சியும் இருந்தது. பிறகு 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

கவனித்தீர்களா? சில பேர் பணத்தில் நடந்தபோது நின்று போனது, ஊர்ப் பணத்தில் நடந்தபோது எல்லோருக்கும் கேட்டது. இதைத்தான் 'பொதுச் சேவை வானொலி' என்கிறோம்.

யாருக்காகப் பேசுகிறது?

தனியார் பண்பலை நிலையங்களுக்கு விளம்பரம்தான் வருமானம். எனவே நிறையப் பேர் கேட்கும் நிகழ்ச்சியாகப் பார்த்துப் போடுவார்கள். அதில் தவறில்லை. ஆனால், நெற்பயிரில் பூச்சி விழுந்தால் என்ன செய்வது, கடலுக்குப் போகலாமா கூடாதா, பார்வையற்றவருக்குச் செய்தி சொல்வது யார், கிராமியப் பாட்டைப் பாதுகாப்பது யார்? இதற்கெல்லாம் விளம்பரம் கொடுக்க அதிகம் பேர் வரமாட்டார்கள். அந்த வேலையைப் பொது வானொலி செய்கிறது.

நம் நாட்டில் ஆகாஷவாணியை நடத்துவது பிரசார் பாரதி என்ற அமைப்பு. 1997-ல் தொடங்கிய இந்த அமைப்புக்கு மத்திய அரசு நிதி தருகிறது. விளம்பர வருமானமும் உண்டு. அரசு தரும் நிதி மக்கள் கட்டும் வரிப்பணம். நீங்கள் வாங்கும் பேனாவின் விலையிலும் ஒரு துளி வரி இருக்கிறது. அப்படியானால் அந்த வானொலியில் உங்களுக்கும் பங்கு உண்டு!

எங்கள் குன்றத்தூர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து ஊர். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பல இடங்களில் மின்சாரம் நின்றது. செல்போன் கோபுரங்களும் வேலை செய்யவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு பேட்டரி போட்ட சின்ன ரேடியோ போதும், வெளியுலகச் சேதி கேட்கலாம். ஆனால், எதிர்முனையில் பேசுவதற்கு ஒரு நிலையம் இருக்க வேண்டுமே!

எண்களாகப் பறக்கும் குரல்

இப்போது டிஜிட்டல் ரேடியோ வந்துவிட்டது. இதில் குரல் 0, 1 என்ற எண்களாக மாற்றப்பட்டு அலையில் ஏறிச் செல்கிறது. உங்கள் ரேடியோ அதை மறுபடியும் குரலாக்கித் தருகிறது. இரைச்சல் இருக்காது. ஒரே அலைவரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை அனுப்பலாம். ஒரே பேருந்தில் பல ஊர்க்காரர்கள் போவதைப் போல!

அகில இந்திய வானொலி நாடு முழுவதும் 35 மத்திய அலை நிலையங்களில் இந்த டிஜிட்டல் கருவிகளை நிறுவியது. ஆனால், கடையில் வாங்கும் சாதாரண ரேடியோவில் இது கேட்காது. தனிக் கருவி வேண்டும். அதன் விலையும் அதிகம். எங்கள் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய் உட்படச் சில நிறுவனங்களின் கார்களில் இந்த வசதி தரப்பட்டிருக்கிறது. கார் இல்லாத வீட்டார் என்ன செய்வார்கள்?

இதில்தான் சிக்கல். கருவி இல்லாததால் கேட்பவர் குறைவு. கேட்பவர் குறைவு என்பதால், 'இதற்கு எதற்கு இவ்வளவு செலவு?' என்ற கேள்வி வருகிறது. உலகம் முழுவதும் புதிய டிஜிட்டல் வானொலிகளுக்கு வரும் ஆபத்து இதுதான்.

காப்பாற்றிய நேயர்கள்

இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். பி.பி.சி. 2002-ல் '6 மியூசிக்' என்ற டிஜிட்டல் வானொலியைத் தொடங்கியது. மற்ற நிலையங்களில் அதிகம் ஒலிக்காத இசைக்கு அங்கே இடம். 2010 மார்ச்சில், செலவைக் குறைக்க அதையும் 'ஏசியன் நெட்வொர்க்' என்ற வானொலியையும் மூடப்போவதாக பி.பி.சி. அறிவித்தது. ஏசியன் நெட்வொர்க், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து அங்கே குடியேறிய குடும்பங்களுக்கானது.

நேயர்கள் சும்மா இருக்கவில்லை. ஆயிரக்கணக்கில் கடிதமும் மின்னஞ்சலும் பறந்தன. பி.பி.சி. அலுவலகத்தின் முன் கூடிக் குரல் கொடுத்தார்கள். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தியைக் கேட்டே பலர் புதிதாகக் கேட்கத் தொடங்கினர்! சுமார் 7 லட்சமாக இருந்த நேயர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. 2010 ஜூலையில் '6 மியூசிக்' காப்பாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு ஏசியன் நெட்வொர்க்கும், செலவைக் குறைத்துக்கொண்டு, பிழைத்தது.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. அகில இந்திய வானொலியின் தேசிய ஒலிபரப்பு 1988-ல் தொடங்கி, இரவு முழுவதும் விழித்திருந்தவர்களுக்குத் துணையாக இருந்தது. பிறகு சிக்கன நடவடிக்கையாக அதை மூட முடிவானது. 1941-ல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் 2017 ஏப்ரல் 30-ல் நின்றது. அதற்காகக் காத்திருந்த காதுகள் ஏமாந்தன.

கடைசித் தெரு விளக்கு

'குறைவானவர்கள் கேட்பதற்கு ஏன் இவ்வளவு செலவு?' என்ற கேள்வி நியாயமானதுதான். பொதுப் பணத்தை வீணாக்கக் கூடாது. கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஊரின் கடைசித் தெருவில் நாலே வீடுகள். அங்கேயும் ஊராட்சி ஒரு விளக்குப் போடுகிறது. 'நாலு வீட்டுக்கு எதற்கு விளக்கு?' என்று அணைத்துவிட்டால், இருட்டில் நடப்பவர் யார்? தலைகளை மட்டும் எண்ணினால் போதாது. வேறு வழி இல்லாதவர் யார் என்றும் பார்க்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்? இந்த வாரம் தினமும் அரை மணி நேரம் உங்கள் ஊர் ஆகாஷவாணியைக் கேளுங்கள். செல்போன் செயலியிலும் கேட்கலாம். பிடித்த நிகழ்ச்சியையும் பிடிக்காத நிகழ்ச்சியையும் குறித்து வையுங்கள். ஒரு தபால் கார்டு வாங்கி, அதை எழுதி நிலையத்துக்கு அனுப்புங்கள். தாத்தா பாட்டியையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தானே, பேசுகிறவருக்கும் தெம்பு வரும்!