நெஞ்சு துடிக்கும்போது மரணமா?

குருக்கள்மடத்தில் பிரதான வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அக்காவின் மகனுக்குத் தலையில் அடிபட்டது. மூன்றாம் நாள் வைத்தியர் எங்களை அழைத்து, "மூளைச்சாவு அடைந்துவிட்டார்" என்றார்.

"நெஞ்சு அடிக்குது, உடம்பு சுடுது. எப்பிடி டொக்டர் என்ட மகன் இல்ல எண்டுறீங்க?" என்று கேட்டார் அக்கா.

உடலைக் காட்டாமலே மரணச் சான்றிதழை நீட்டியதைக் கண்டவர்கள் நாம். அந்தச் சொல்லை இலகுவில் நம்பமாட்டோம்.

வைத்தியர் பொறுமையாக விளக்கினார். அடிபட்ட மூளை வீங்கும். மண்டையோட்டுக்குள் விரிய இடமில்லாததால் மூளைக்கு இரத்தம் செல்வது நின்றுவிடும். இயந்திரம் மூச்சுக் கொடுப்பதால் இதயம் சிலகாலம் துடிக்கும். நினைவிழந்தவர் மீளலாம், மூளைச்சாவு அடைந்தவர் மீளமாட்டார்.

மயக்க மருந்தாலோ உடல் குளிர்ந்ததாலோ இந்த நிலை வரவில்லை என்று உறுதிசெய்த பின்பே சோதிப்பார்கள். கண்ணில் வெளிச்சம் பட்டாலும் கண்மணி சுருங்காது. காதுக்குள் குளிர்நீர் விட்டாலும் கண் அசையாது. தொண்டையைத் தூண்டினாலும் இருமல் வராது. கடைசியாக, ஒட்சிசன் கொடுத்தபடி இயந்திரத்தை நிறுத்திப் பார்ப்பார்கள். தானாக மூச்சு வராது.

2008 இல் தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கிய 15 வயது ஹிதேந்திரனுக்கும் இதே நிலைதான். பெற்றோர் இருவரும் வைத்தியர்கள். உண்மையை ஏற்று, மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அவனது இதயம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது.

சகோதரிகளே, இந்நிலை வந்தால் கேளுங்கள்: என்னென்ன சோதனை செய்தீர்கள்? எத்தனை வைத்தியர்கள் பார்த்தார்கள்? நான் அருகில் நிற்கலாமா?

அக்கா கேட்டார். கடைசிச் சோதனையின்போது பக்கத்தில் நின்றார். அதன்பிறகுதான் மகனின் கையை விட்டார்.