நெடுந்தொலைவு ஓட்டமும் குதிரையின் சிறுநீரகமும்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளுள் பெரும்பகுதி, பேணத் தெரிந்தோர் இன்மையால் மடிந்தன என எழுதியுள்ளார். வெப்பநாட்டில் குதிரையைப் பேணுதல் மலேசியாவுக்கும் உரிய வினாவே. மஸ்ஜித் இந்தியாவிலிருந்து அம்பாங் சாலை வழியே சென்றால், இரட்டைக் கோபுரங்கள் நிற்கும் நிலம் முன்னர்க் குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. அத்தகைய பந்தயங்கள் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடுவன. 2008இல் திரங்கானுவில் நடைபெற்ற உலக நெடுந்தொலைவுக் குதிரையோட்டப் போட்டியின் தொலைவோ 160 கிலோமீட்டர். இவ்விரண்டிலும் குதிரையின் உடல் இயங்கும் முறை வேறுவேறு என்பதை நாம் முதலில் உணர வேண்டும்.

ஓய்வில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 முதல் 40 முறை துடிக்கும் குதிரையின் இதயம், உச்ச வேகத்தில் 220 முறையையும் எட்டும். ஓட்டம் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கி, தான் தேக்கி வைத்துள்ள சிவப்பணுக்களை இரத்தத்தில் கலக்கிறது. உச்ச வேகத்தில் இரத்தம் தசைகளுக்கே திருப்பப்படுவதால் சிறுநீரகத்தின் பங்கு பெரிதும் குறைகிறது. மிதமான ஓட்டத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. உடலில் நீர் குன்றாதவரை சிறுநீரகம் தன் வடிகட்டும் பணியைப் பெரும்பாலும் தடையின்றிச் செய்கிறது.

இடர் வியர்வையில் உள்ளது. புழுக்கமான காலநிலையில் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேலும் வியர்க்கக்கூடும். மனித வியர்வையில் நீரே மிகுதி. ஆகவே நம் இரத்தத்தில் உப்பின் செறிவு உயர்ந்து தாகம் எழுகிறது. குதிரையின் வியர்வையோ இரத்தத்திற்கு இணையான அல்லது அதனினும் மிகுந்த உப்புச் செறிவுடையது. நீரும் உப்பும் ஒருங்கே வெளியேறுவதால் செறிவு உயர்வதில்லை. உடல் வறண்டும் குதிரை தண்ணீர்த் தொட்டியைப் புறக்கணிப்பதன் காரணம் இதுவே. பிடிவாதம் என்று நாம் கருதுதல் தவறு. ஆல்டோஸ்டிரோன், வாசோபிரசின் ஆகிய இயக்குநீர்கள் சிறுநீரகத்தின் வழியே உப்பையும் நீரையும் காக்க முயலினும், வியர்வை வழி இழப்பை அவற்றால் ஈடுசெய்ய இயலாது. ஆகவே நீருடன் உப்பும் ஊட்டப்படுகிறது.

இக்காரணம் பற்றியே இப்போட்டிகளில் கட்டந்தோறும் கால்நடை மருத்துவர் சோதிக்கின்றனர். நாடித்துடிப்பு குறித்த நேரத்திற்குள் 64க்கு இறங்காத குதிரை மேலே செல்ல இயலாது. சிறுநீர் காப்பி நிறமாக மாறுமாயின், சிதைந்த தசைகளின் நிறமி சிறுநீரகத்தை அடைந்துவிட்டது எனப் பொருள். அந்நிலையில் வலி தணிக்கப் பீனைல்பியூட்டசோன் போன்ற மருந்தை, இழந்த நீரை ஈடுசெய்யுமுன் கொடுப்பது பேரிடராகும். வறண்ட உடலில் சிறுநீரகத்தின் குருதியோட்டத்தைக் காத்து நிற்கும் பொருள்களையே அம்மருந்து தடுத்துவிடுகிறது.