மாத்திரை கொடுத்தோம், பருப்பை மறந்தோம்

சென்னை மின்சார ரயிலில் குரோம்பேட்டையை அடுத்து வருவது தாம்பரம் சானடோரியம். 1928இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். டிபி என்றால் மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, பால், முட்டை என்றிருந்த காலம் அது. 1950களில் மாத்திரை வந்துவிட்டது, படுக்கைதான் இல்லை. நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ மிகக் குறைவு.

1956இல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அதை நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முன்னின்றார். கேள்வி எளியது: நெரிசலான வீட்டிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு மருந்து எடுத்தால் குணமாகுமா? சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வீட்டில், மறு பாதி சானடோரியத்தில். மருந்து ஒன்றே.

ஓராண்டு முடிவில் நோய் அடங்கியது சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு, வீட்டில் 86 சதவீதம் பேருக்கு. வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் இது வெளியானதும் உலகமே சானடோரியங்களைக் கைவிடத் தொடங்கியது. 1962இல் வந்த தேசிய காசநோய்த் திட்டமும் வீட்டுச் சிகிச்சையையே நம்பியது.

ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு விவரமும் இருந்தது. சானடோரியத்தில் நன்றாகச் சாப்பிட்டவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியிருந்தது. மருந்து இருந்தால் குறைந்த சாப்பாட்டிலும் நோய் அடங்கும் என்பதுதான் ஆய்வு சொன்னது. சாப்பாடே முக்கியமில்லை என்று நாம் படித்துக்கொண்டோம். வசதியான வாசிப்பு, அரசுக்குச் செலவு மிச்சம்.

அந்தச் சேத்துப்பட்டு மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அறுபது ஆண்டு கழித்து அதே நிறுவனமும் மங்களூரு மருத்துவர்களும் ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2,800 நோயாளிகளுக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் அடங்கிய பை. பாதிப் பகுதிகளில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. அப்படிப் பெற்ற குடும்பங்களில் புதிதாக டிபி வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. தடுப்பூசி அல்ல, பருப்பு! 2023இல் வெளியான இந்த முடிவு நம் செய்தித்தாள்களில் ஒருநாள் செய்தியாகக் கடந்துபோனது.

சாப்பாட்டை மறந்தாலும், நோயாளிகளின் இறப்பைத் தடுப்பதில் தமிழ்நாடு முந்திக்கொண்டது. 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்ட’த்தில், நோய் உறுதியானதுமே ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர் உயரமும் எடையும் பார்க்கிறார். மூச்சை எண்ணுகிறார், விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டுகிறார், கால் வீக்கம் பார்க்கிறார், எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்கிறார். நிற்க முடியாவிட்டாலோ, மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டினாலோ, உடல் மிகவும் மெலிந்திருந்தாலோ மருத்துவமனையில் சேர்க்கப் பரிந்துரை. எக்ஸ்ரேகூட வேண்டாம், பத்து நிமிட வேலை. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவன ஆய்வாளர்களும் மாநில காசநோய்ப் பிரிவும் சேர்ந்து இதை வகுத்தார்கள். ஆய்வாளரும் அதிகாரியும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால்தான், அறிக்கை அலமாரியில் தூங்காமல் நடைமுறைக்கு வந்தது.

மிச்சமிருப்பது குடும்பத்தின் சாப்பாடு. மத்திய அரசு நோயாளிக்குத் தரும் மாதம் ரூ.500, 2024 நவம்பரில் ரூ.1,000 ஆனது. நாளுக்கு 33 ரூபாய், அதுவும் நோயாளி ஒருவருக்கு. நம்மிடம் ஊருக்கு ஊர் ரேஷன் கடை இருக்கிறது. அட்டைக்கு ஒரு கிலோ துவரம் பருப்பை 30 ரூபாய்க்குத் தரும் ஏற்பாடும் இருக்கிறது. டிபி நோயாளி உள்ள வீட்டுக்குச் சிகிச்சை முடியும்வரை தலைக்கு ஒன்றரைக் கிலோ பருப்பு கூடுதலாகத் தர அரசு ஆணையிட வேண்டும். கடை வரிசையில் நோய் அம்பலமாகும் என்ற அச்சம் நியாயமானதே. அதனால் பருப்பு, மாத்திரையோடு சேர்ந்தே வீடு தேடிப் போகட்டும்.